செபமாலை ராகத்தில் சினானிம்

ஹேப்பி, பிக், பிரேவ், டயர்டு, ஆங்கிரி, பிகின். இன்றைக்கும் என்னை உலுக்கிக் கேட்டால் அந்த வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டே போவேன். ஒவ்வொன்றுக்கும் அதே அர்த்தம் தருகிற இன்னொரு வார்த்தை உண்டு. அதற்குப் பெயர் சினானிம் என்று என் மகளுடைய டீச்சர் சொன்னார். அந்த இன்னொரு வார்த்தையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு வராது. அது என் மகளுடைய பங்கு.

நான் மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாரிச் சுமந்தவள். என் வீட்டுக்காரர் மங்களூர்ப் பக்கம் படகில் வேலைக்குப் போனவர்; பெரிய திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் முகம் தெரியும். வீட்டில் நானும் ஐந்தாம் வகுப்பு படித்த என் பொண்ணும்தான். அந்த வருஷம் தைப் பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் காலில் ஒட்டிய உப்போடேயே போய் நின்றேன்.

"ஏம்மா, உங்க பொண்ணு நல்லா படிக்குது. ஆறாவதுலருந்து பன்னெண்டு வரிக்கும் தங்கிப் படிக்கற ஸ்கூல் ஒண்ணு இருக்குது. சாப்பாடு, துணி, புக்கு எல்லாம் அவங்களே. என்ட்ரன்ஸ் எழுதி பாஸாவணும். அஞ்சாவது படிக்கறப்போ ஒரே ஒரு வாட்டிதான் எழுத முடியும். கணக்குல தேறிடும். இங்கிலீஷ்ல இந்த சினானிம்லதான் நம்ம பசங்க எல்லாம் அவுட்டு" என்று சொல்லி ஒரு பழைய கைடைக் கையில் கொடுத்தார்.

நான் அந்தக் கைடை வாங்கிய வேகத்தைப் பார்த்து டீச்சரே சிரித்துவிட்டார். அவருக்கு என் அவசரம் தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் உப்பளத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் உப்பளத்தில் ஒருத்தி வேலையை விட்டு நின்றால் அவளுடைய இடம் அவள் மகளுக்குத்தான். மகள் சின்னவளாக இருந்தால் அவள் பெயரைப் போட்டு வைத்துவிட்டு, அவள் வளர்கிற வரைக்கும் வேறு ஒருத்தியை நிறுத்தி வைப்பார்கள். இதை எல்லாரும் ஒரு மரியாதையாகத்தான் நினைத்தார்கள். மழை மாதங்களில் உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீரில் கிடக்கும்போது, உப்பளத்திலிருந்து அரிசியும் கைமாற்றும் இடம் உள்ள வீட்டுக்குத்தான் கிடைக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு இடம் திரும்பி வராது. அதனால் வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. என் அம்மாவுக்கு முட்டி போனபோது என் பெயரைப் போட்டார்கள். பத்தாவது பாஸாகி மார்க் ஷீட்டு வாங்கின வாரத்தில் நான் பாத்தியில் இறங்கினேன். அப்போது அழுதேனா என்று கேட்டால், இல்லை. அழ வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

டீச்சர் கூப்பிட்டதற்கு முந்தின மழைக் காலத்தில் எனக்குக் கண் உறுத்தல். பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். வெள்ளை உப்பின் கூசலில் வருஷக்கணக்காக நின்றதில் கண்ணில் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறுகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் மறுபடி அங்கேயே போய் நின்றால் மறுபடி வளரும். வேலையை விடுங்கள், இல்லாவிட்டால் பார்வையே போய்விடும் என்றார். நான் எப்படி விடுவேன்? நான் விட்ட அன்றைக்கே மேஸ்திரி என் மகள் பெயரைப் போட்டு வைத்துவிடுவார். பேர் போட்ட பொண்ணு எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனாலும், கடைசியில் பாத்திக்குத்தான் வந்தாள். என் மகள் வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிள்ளை இங்கே இல்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதை கெடாமல் சொல்லிவிடலாம். அதுவரைக்கும் கண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று முடிவு பண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, எனக்கு அந்தப் பரீட்சை வேண்டும். எப்படியாவது வேண்டும். கைடைத் திறந்தால் பக்கம் முழுக்க ஜோடி ஜோடியாக வார்த்தைகள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது? நான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். மனப்பாடம் பண்ண எங்கள் வீட்டில் ஒரே ஒரு வழிதான் தெரியும். செபமாலை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் மாதா படத்துக்கு முன்னால் முட்டி போடுவோம். மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்வேன். மறுபாதியை அவள் சொல்வாள். என் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் பேச்சு வருவதற்கு முன்னாலேயே மறுபாதியைக் கற்றுக்கொள்ளும்.

அதே போல ஆரம்பித்தேன். செபமாலை முடிந்த கையோடு, முட்டி போட்டபடியே, "ஹேப்பி" என்றேன். "கிளாட்" என்றாள். "பிக்." "லார்ஜ்." கொஞ்ச நாளில் என் குரல் தானாகவே அந்த ராகத்துக்குப் போய்விட்டது. ஹேப்பீ... என்று இழுத்தால் கிளாஆட் என்று அவள் முடிப்பாள். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கதவில் சாய்ந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாடி இது, மாதாவுக்கு இங்கிலீஷ்ல செபமாலையா? சாமியாருக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கெழம பீடத்துல ஏத்தி உட்டுடுவாரு."

"நீ சிரிச்சிக்கினே இரு. எம் பொண்ணு ஆஸ்டலுக்குப் போறப்போ வயிறு எரியாம இரு" என்றேன்.

மகளுக்கு முதலில் சந்தேகங்கள். "ஏம்மா, ஹேப்பின்னு ஒரு வார்த்த இருக்கறப்போ கிளாட்டு எதுக்கு?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். உப்புக்கு உப்பு என்று ஒரு பெயர் போதவில்லையா? இருக்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரியாதவர்கள் எல்லாம் சேர்ந்து என் பிள்ளையின் உயிரை எடுக்கிறார்கள் என்று எனக்கும் கோபம் வரும். ஆனால் வாயில், "கேள்வி கேக்காத, சொல்லு" என்றுதான் வரும். அவளும் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். மாசி முடிவதற்குள் கைடு முழுவதும் அவள் வாயில் இருந்தது. நான் தலையில் அன்னக்கூடையோடு வரப்பில் நடக்கும்போது முன்னால் போகிறவளிடமும் பின்னால் வருகிறவளிடமும் இதையே பேசினேன். என் பொண்ணு தப்பே விடுவதில்லை என்றேன். அவர்களுக்குக் காது புளித்துப்போயிருக்கும்.

பங்குனி வெயில் ஏறின சமயம், பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. டீச்சர் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல சேதி என்று நினைத்து, போகிற வழியில் நாலு கொய்யாப்பழம்கூட வாங்கிக்கொண்டு போனேன்.

டீச்சர் ஒரு பேப்பரை மேஜையில் வைத்தார். மாதிரிப் பரீட்சை. கணக்கில் நிறைய சரி. சினானிம் பக்கத்தில் வரிசையாகச் சிவப்பு. பாதிக்கு மேல் ஒன்றுமே எழுதாமல் வெள்ளையாகக் கிடந்தது.

"வீட்ல படிக்க வெக்கறீங்களாம்மா?" என்றார்.

"டீச்சர், அவளுக்கு எல்லாம் தெரியுங்க. நீங்களே கேளுங்க" என்றேன்.

டீச்சர் கேட்டார். "பிரேவ்?" என்றார். என் மகள் சுவரைப் பார்த்தாள். "லார்ஜ்?" என்றார். தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் முட்டி போடாத குறைதான். என் ராகத்தில் "பிரேவ்" என்று இழுத்தேன். "போல்ட்" என்று பட்டென்று வந்தது. டீச்சர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு டீச்சர் சொன்னார்: "அம்மா, பேப்பர்ல ஹேப்பின்னு குடுத்தும் கேப்பான், கிளாட்டுன்னு குடுத்தும் கேப்பான். எது மொதல்ல வரும்னு சொல்ல முடியாது. கிளாட்டுன்னு கேட்டா ஹேப்பின்னு எழுதணும். உங்க பொண்ணுக்கு அது வர்ல."

நான் அங்கேயே அவளைத் திருப்பி நிறுத்தி, "கிளாட்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் குழப்பம்தான் இருந்தது. நான் ஏதோ பாவம் பண்ணிவிட்டதைப் போல, "அது என்னுதும்மா. அத்த நீ சொல்லக் கூடாது" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செபத்தில் மறுபாதி முன்னால் வருவதே இல்லையே. முதல் பாதியை யாராவது சொன்னால்தான் அது வரும்; யாரும் சொல்லாவிட்டால் பேசாமல் காத்திருக்க வேண்டும். என் பிள்ளை பரீட்சைப் பேப்பருக்கு முன்னால் அப்படித்தான் காத்திருந்திருக்கிறாள். என் குரல் வரும் என்று உட்கார்ந்திருக்கிறாள். இப்படி ஒரு தப்பை எங்கள் தெருக்காரர்களைத் தவிர வேறு யாரால் பண்ண முடியும் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளை அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் சொல்லிக் கொடுத்த மாதிரி சொன்னதற்கு அடித்தேன். அடித்துவிட்டு நானே அழுதேன். அவள் அழாமல், கொய்யாப்பழத்தை எடுத்துக் கழுவி எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தானும் ஒன்று தின்றாள்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். "இனிமே நீ மொதல் பாதி சொல்லு, நான் மறுபாதி சொல்றேன்" என்றேன். செபமாலையிலேயே ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் பிள்ளை முன்னால் சொல்லிப் பழக்கமில்லை. வெட்கப்பட்டாள், குரல் எழும்பவில்லை. பெரியவர்கள் சொல்வதை நான் எப்படிச் சொல்வது என்று நெளிந்தாள். சொல்லுடி, சொல்லுடி என்று பிடுங்கி எடுத்தேன். மாதா என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

பிறகு இங்கிலீஷ். "டயர்டு" என்றாள் அவள். நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் அவள் வாயிலிருந்து கேட்ட வார்த்தைதான். நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது.

"வியரி. அய்யோ மா, எத்தினி வாட்டி சொல்றது? மனசு எங்க இருக்குது உனுக்கு?" என்றாள். என் குரலிலேயே, நான் திட்டுகிற அதே திட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஏனென்றால் நாள் போய்க்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் கைடில் பாதியைத் தலைகீழாகத் தாண்டியிருந்தோம், வானம் கறுத்தது. கோடையில் அப்படிக் கறுத்தால் எங்கள் ஊரில் அடுப்பில் சோறு இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். வாரிக் குவித்த உப்பு மழையில் கரைந்தால் எல்லார் வாயிலும் மண். நான் ஓடினேன். காற்றில் தார்ப்பாய் கையை விட்டுப் பறக்கிறது, மேஸ்திரி கத்துகிறார், நான் உப்பு அம்பாரத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு தார்ப்பாயின் முனையைப் பிடித்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் மனசில் உப்பு இல்லை. இன்னும் பாதிக் கைடு இருக்கிறதே, இன்னும் பாதிக் கைடு இருக்கிறதே என்றுதான் ஓடியது. திரும்பி வந்தபோது அவள் கைடின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பாமல் இருக்கவும் மனசு வரவில்லை. எழுப்பினேன்.

பரீட்சை திண்டிவனத்தில். காலை பஸ்ஸில் கூட்டம். மடியில் அவளை உட்கார வைத்துக்கொண்டு, காதோடு காதாக வார்த்தைகளை மாற்றி மாற்றிக் கேட்டேன். சிலதுக்குச் சொன்னாள். சிலதுக்கு ஜன்னலைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கினால் ஒரே கார், பைக், அப்பா, அம்மா, சித்தப்பா என்று குடும்பம் குடும்பமாக. ஒரு அம்மா கைப்பேசியைப் பார்த்துத் தன் பையனிடம் எந்த மூலையிலிருந்தாவது ஒரு வார்த்தையை எடுத்துப் போடுகிறாள். அவன் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, ஒன்றுக்கு ரெண்டு பதில் சொல்கிறான். என் மகளின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் பார்க்க விடாமல் திருப்பிக்கொண்டேன்.

"உள்ள நான் இருக்க மாட்டேன். நான் சொல்ற மாதிரி நெனச்சிக்கோ" என்றேன். இதை ஒரு பெரிய யோசனை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்து கேட்டைச் சாத்தினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, அவள் எந்த ரூமில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியாமல், முதல் வார்த்தையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். ஹேப்பி. பிக். பிரேவ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் பதில் சொல்கிற நேரத்தை விட்டு விட்டுச் சொன்னேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தேதான் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும் எனக்கு?

வாட்ச்மேன் வந்தார். "ஏம்மா, இன்னா முணுமுணுன்னு? செபமா?"

"ஆமாங்க" என்றேன்.

"சத்தம் வராம சொல்லும்மா. புள்ளைங்க எழுதுது."

கண் கூசித் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அழுகிறேன் என்று நினைத்து அந்த மனுஷர் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் அழுததும் உண்மைதான்.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பசிக்குது என்றாள். இட்லி வாங்கிக் கொடுத்தேன். தின்று முடிக்கிற வரைக்கும் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது எனக்கே ஆச்சரியம். திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சினானிம் எப்டி எழுதின?"

"பாதி தெரிஞ்சிது."

"மீதி?"

"மீதி தெரில." பிறகு, "மா, நான் பாஸாவலன்னா நீ அங்கயேதான் நிப்பியா?" என்றாள்.

"எங்கடி?"

"உப்பளத்துல. கண்ணு போற வரிக்கும்."

"யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆஸ்பத்திரில பெஞ்சில ஒக்கார வெச்சியே, கதவு தொறந்துதான் இருந்திச்சு. எம் பொண்ணுக்கு ஒரு வழி பண்ற வரிக்கும் வேலைய வுட முடியாது டாக்டர்னு நீ சொன்ன. அங்கயே நின்னா கண்ணு போயிடும்னு அவரு சொன்னாரு." ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினாள். "அதான் டீச்சர் பேப்பர் குடுத்தப்போ பயமா ஆயிடிச்சு. ஒண்ணு தப்பானாலும் போச்சுன்னு நெனச்சேன். எல்லாம் மறந்துடுச்சு. இன்னிக்கும் அப்டிதான் ஆச்சு. நீ சொல்ற மாதிரி நெனச்சிக்க சொன்னியே, நெனச்சா உன் கண்ணுதான் ஞாபகம் வருது."

நான் என் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து வயசுப் பிள்ளை, ஒவ்வொரு வார்த்தைக்கும் என் கண்ணைப் பணயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அத்தனை மாசமும் தினம் சாயங்காலம் முட்டி போட்டு, தப்பு விடாமல், எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நான் அவளைக் கட்டிக்கொண்டேனா என்றால், இல்லை. கை எழும்பவில்லை. அவமானமாக இருந்தது.

என்ன ஆச்சோ என்று உங்களைத் தவிக்க விடுவது எனக்குப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன். ரிசல்ட்டில் அவள் பெயர் வரவில்லை. இப்போது அவள் இங்கே ஈசிஆர் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கிறாள். இங்கிலீஷ் சுமார்தான், கணக்கில் கெட்டிக்காரி. நான் கூரைக்குக் கீழே உப்பைப் பாக்கெட் போடுகிற வேலைக்குப் போகிறேன். மழை மாதத்தில் எங்கள் வீட்டுக்கு அரிசி வருவதில்லை, சிரமம்தான். கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

ஆனால் அந்த ரிசல்ட் வருவதற்கு எத்தனையோ நாள் முன்னால், திண்டிவனத்திலிருந்து திரும்பின மறுநாள் காலையிலேயே, நான் மேஸ்திரியிடம் போய் நின்றேன். கையில் கூடை இல்லாமல் போனதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி இல்லை. என் கண்ணை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சரிம்மா. பொண்ணு பேரைப் போட்டு வெச்சிடறேன். வளர்ற வரிக்கும் உன் பக்கத்து வீட்டுக்காரிய நிக்க சொல்றேன்."

"அவ பேரைப் போடாதீங்க. என் எடம் எங்க வூட்டுக்கு வேணாம்."

நோட்டை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் பாத்தியில் நின்ற பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"வுட்டா திரும்ப வராது, தெரியும்ல? ஓ, பரீட்ச பாஸாயிட்டாளா? ரிசல்ட்டு வந்துடுச்சா?"

"இன்னும் வர்லங்க" என்றேன்.